கயிற்றுக்காரத் தெருவுக்கு வந்த கார்

கார் எப்படியோ தெருவுக்குள் நுழைந்துவிட்டது. அதற்குள்ளிருந்து என் அத்தாவால்தான் வெளியே வர முடியவில்லை.

இடது பக்கக் கதவைத் திறந்தால் எங்கள் வீட்டுப் படியில் இடித்தது. வலது பக்கக் கதவைத் திறந்தால் எதிர்வீட்டு கபூர் மாமாவின் சுவரில் இடித்தது. அத்தா புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு, பின் இருக்கையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். முன்னால் டிரைவர் ஏகாம்பரம். அச்சரப்பாக்கத்துப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அவருக்கு வியர்த்து ஊற்றியது.

"இன்னா பாய் பண்றது? ரெண்டு பக்கமும் தொறக்க மாட்டேங்குதே."

"நீ இன்னாடா என்னியக் கேக்கற? நீதான டிரைவரு?"

தெருவே கூடிவிட்டது. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் அத்தா கண்ணாடியை இறக்கிவிட்டு, செருப்பை முதலில் வெளியே போட்டு, பிறகு ஒரு காலை நீட்டி, கைலி சிக்கி, கபூர் மாமா அக்குளில் கை கொடுத்து இழுத்ததில் ஒருவழியாக வெளியே வந்து விழுந்தார்.

"வா மச்சான் வா," என்றார் கபூர் மாமா. "நீ காரு வாங்குனியா, கூண்டு வாங்குனியா?"

போன வாரம் இந்தப் பத்தியில் நான் சைக்கிள் லைசென்ஸ் டோக்கன் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, மதுராந்தகத்திலிருந்து ஒரு வாசகி, "உங்கள் வீட்டில் அந்தக் காலத்திலேயே கார் இருந்ததாமே, அதை மட்டும் ஏன் மறைக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். யார் சொன்னார்களோ! நான் எங்கே மறைத்தேன்? கார் இருந்ததம்மா, இருந்தது. அது வந்த அழகைத்தான் மேலே சொல்லியிருக்கிறேன்.

எதை வைத்து அளந்தார்?

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரையோரத்தில் இருக்கிறது எங்கள் புதுப்பட்டினம். அதில் கயிற்றுக்காரத் தெரு எங்களுடையது. அத்தா மீனவர்களுக்கு வலைநூலும் கயிறும் விற்கிற கடை வைத்திருந்தார். கடை பஜாரில், வீடு தெருவில்.

கார் வாங்குவதற்கு முன்னால் அத்தா தெருவை அளக்காமல் இல்லை. அளந்தார். ஆனால் டேப்பு வைத்து அளக்கவில்லை. எங்கள் தெரு வழியாகப் போகிறவற்றிலேயே அகலமானது எது? சந்தூக்கு. மையத்தை, அதாவது இறந்தவரின் உடலை, தூக்கிக்கொண்டு போகிற பெட்டி. அதற்கு இரண்டு பக்கமும் தோள் கொடுக்கிறவர்கள், அவர்களுக்குப் பக்கத்தில் தோள் மாற்றக் காத்திருப்பவர்கள். அத்தனை பேரும் போகிற தெருவில் ஒரு கார் போகாதா என்று அத்தா கணக்குப் போட்டுவிட்டார்.

கணக்கு சரிதான். ஆனால் மனுஷன் சுவர் வந்தால் தோளைக் குறுக்கிக்கொள்வான், உடம்பைத் திருப்பிக்கொள்வான். கார் குறுகுமா? இந்த மாதிரி ஒரு தப்புக் கணக்கை எங்கள் ஜனங்களைத் தவிர வேறு யாரும் போட்டிருக்க முடியாது.

அதற்காக யாரும் அத்தாவைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நான் சிரிக்கலாம், நான் மகள்.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தான். நான் பார்த்ததில்லை. நடக்கிற வயதில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. கடைசி பஸ் போய்விட்ட ஒரு சாயங்காலம், மாட்டுவண்டி பிடித்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வண்டியைத் திருப்பச் சொன்னது அத்தாதான். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. கார் வாங்கிய அன்று மட்டும் அம்மாவிடம், "இனிமே இந்த வூட்டுல வண்டி இல்லாம யாரும் சாவக் கூடாது," என்றார்.

இப்படிச் சொல்கிறவரிடம் யார் என்ன எதிர்த்துப் பேச முடியும்?

வாரம் ஒரு செங்கல்பட்டு

அதுவரைக்கும் அத்தாவும் சைக்கிள்காரர்தான். வாரம் ஒரு தடவை சரக்கு எடுக்க அவரும் கபூர் மாமாவும் விடியலில் கிளம்பி செங்கல்பட்டுக்கு மிதிப்பார்கள். திருக்கழுக்குன்றத்தில் இட்லி, வடகறி. அப்புறம் ஏரிக்கரைக் காற்று வாங்கிக்கொண்டே ஜங்ஷன் வரை ஒரே மூச்சு. திரும்பும்போது கேரியரில் கயிற்றுச் சுருள் வைத்துக் கட்டியிருக்கும். அத்தா வீட்டுக்குள் வந்தாலே தேங்காய்நார் வாசனை வரும்.

செங்கல்பட்டில் அப்போதெல்லாம் யார்தான் சைக்கிளில் போகவில்லை? கோர்ட்டுக்குப் போகிற வக்கீல்கூடக் கறுப்புக் கோட்டை மடித்துக் கேரியரில் செருகிக்கொண்டுதான் போவார். கோர்ட் வாசலில் மரத்தடி முழுக்க சைக்கிள். ஸ்டேஷன் எதிரே சைக்கிள் ஸ்டாண்டு, அதில் சீட்டு வாங்கி ஹேண்டிலில் மாட்டிவிட்டு ரயிலேறினால் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளலாம். பள்ளி, மார்க்கெட், ஆஸ்பத்திரி எல்லாம் மிதிக்கிற தூரத்தில் இருந்தன.

இப்போது என் மகன் நாவலூரில் பெரிய அடுக்குமாடியில் இருக்கிறான். போன மாதம் அங்கே போயிருந்தேன். கறிவேப்பிலை இல்லை. "இரும்மா, காரை எடுக்கிறேன்," என்கிறான். ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கா? லிஃப்டில் இறங்கி, பாதாளத்துக்குப் போய், காரைக் கண்டுபிடித்து, வெளியே வந்து, ரோட்டின் அந்தப் பக்கம் போவதற்கு யூ டர்ன் தேடி எங்கேயோ போய்த் திரும்பி... குழம்பு ஆறியே போய்விட்டது. நடந்து போகலாம் என்றால் நடப்பதற்கு வழி விடவில்லை. படித்தவர்கள் உட்கார்ந்து திட்டம் போட்டுத்தான் இதையெல்லாம் கட்டியிருக்கிறார்கள். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இல்லை.

சரி, தெருவுக்கு வருகிறேன்.

மூங்கில் கழி

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு ஆண்கள் வந்து சாப்பிட்டுக் கடைக்குத் திரும்பியதும், கபூர் மாமாவின் மனைவி ரஹ்மத் மாமி தெருவின் இரண்டு முனையிலும் ஒரு மூங்கில் கழியைக் குறுக்கே போடச் சொல்லுவார். சாயங்காலத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லும் வரை அது அப்படியே கிடக்கும். அதுவரை தெரு பெண்களுடையது. எந்த ஆணும் உள்ளே வர மாட்டான். தபால்காரர்கூடக் கழிக்கு அந்தப் பக்கம் நின்று மணியடித்துவிட்டு, யாராவது சிறுமி போய் வாங்கும் வரை காத்திருப்பார்.

அந்த வேளையில் தெருவைப் பார்க்க வேண்டுமே! போர்த்தியிருந்த துப்பட்டியை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, பெண்கள் தெருவில் பாய் விரிப்பார்கள். புளி கொட்டை எடுப்பார்கள், பேன் பார்ப்பார்கள், மருமகள்கள் மாமியாரைப் பற்றி மாமியார் காதுபடவே பேசுவார்கள். நாங்கள் பாண்டி ஆடுவோம். ஆண்கள் ஒருத்தரும் அந்த வேளையில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்டதில்லை. அரிசியில் கல் பொறுக்குகிறோம் என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

என் அம்மா சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் கல்பாக்கம் டவுன்ஷிப் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே டிஸ்பென்சரியில் வேலை பார்த்த நர்ஸ் ஸ்டெல்லா அக்கா, குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை கபூர் மாமா வீட்டு மாடியில் குடியிருந்தார். அவரிடம் ஒரு லேடீஸ் சைக்கிள் இருந்தது. பெண்கள் முதலில் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு மணியடித்துப் பார்த்தார்கள். பிறகு அம்மா ஏறிவிட்டாள்.

"கீழ பாக்காதீங்க ஹமீதாக்கா. எதிர பாருங்க!" என்று ஸ்டெல்லா அக்கா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவார்.

"எதிர பாத்தா உங்க வூட்டு மாமி நிக்கறாங்களே!" என்று கத்திக்கொண்டே அம்மா போய் ரஹ்மத் மாமி மேலேயே மோதுவாள். மாமி திட்டுகிற திட்டு பள்ளிவாசல் வரைக்கும் கேட்கும். அதற்கும் சிரிப்பாள். வீட்டுக்குள் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கழி போட்ட தெருவில்தான் பார்த்திருக்கிறேன்.

குவார்ட்டர்ஸ் கிடைத்துப் போகும்போது ஸ்டெல்லா அக்கா அந்தச் சைக்கிளைத் தெருப் பெண்களுக்கே விட்டுவிட்டுப் போனார். எங்கள் வீட்டு நடையில் அது நின்றது. அத்தா அதைப் பார்ப்பார். நர்ஸம்மா பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார். தூசியே படியாத சைக்கிளைப் பார்த்தும் ஒரு சந்தேகம் வராத மனுஷன்.

படி உடைந்தது

கார் வந்த மறுநாளே அத்தா பஞ்சாயத்துக்குப் போய்விட்டார். அவர் அதில் மெம்பர். தெருவை அகலப்படுத்த வேண்டும், இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு கொஞ்சம் இடம் விட வேண்டும். அப்படிச் செய்தால் பஜாரிலிருந்து கடற்கரை ரோட்டுக்கு நேராக வழி கிடைத்துவிடும். டவுன்ஷிப் கட்டடத்துக்கு ஜல்லி ஏற்றுகிற லாரிகள்கூடச் சுற்றிப் போக வேண்டியதில்லை.

"தெரு ரோடாச்சின்னா ஊரே முன்னேறிடும்," என்றார் சாப்பிடும்போது.

"மத்தியானத்துலயும் லாரி வருமா?" என்று அம்மா கேட்டாள்.

"இன்னா கேள்வி இது? ரோடுன்னா எந்நேரமும் வரும்."

அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கழி இருக்காது. பாய் இருக்காது. அம்மாவுக்கு நான்கு சுவரைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாது. இது தெருவில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்தது, ஒருத்தியும் தன் புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த வேளையில் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே!

கபூர் மாமா மட்டும் சண்டை போட்டார். "உன் ஒரு காருக்கு ஊரு வூடெல்லாம் இடிக்கணுமா மச்சான்?"

"நான் முன்மாதிரியா எங்க வூட்டத்தான் மொதல்ல இடிக்கறேன். அப்பறம் பேசு," என்றார் அத்தா. சொன்னபடி எங்கள் வீட்டுப் படியை உடைத்தார். காரின் இடது கதவு திறந்தது. உடைத்த செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் காருக்குப் பின்னால் குவியலாகக் கிடந்தன. அன்றைக்கு ஆள் வந்து அள்ளுவதாக இருந்தது, வரவில்லை.

காய்ச்சல்

என் தங்கை நூருவுக்கு அப்போது ஒன்றரை வயது. அன்றைக்குக் காலையிலிருந்தே உடம்பு சுட்டது. மத்தியானம், கழி போட்ட பிறகு, அம்மா மடியிலிருந்தவளுக்குத் திடீரென்று கண் மேலே செருகிக்கொண்டது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. அம்மா வீறிட்டாள்.

ரஹ்மத் மாமி தெருமுனைக்கு ஓடி டிரைவரைக் கூப்பிட்டார். பழக்கத்துக்குக் கட்டுப்பட்டு ஏகாம்பரம் கழிக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். கழியைத் தாண்டி ஓடிவந்து காரைக் கிளப்பினார். முன்னால் போக வழியில்லை. கிணற்றடியில் தெரு திரும்புகிறது, அங்கே கார் திரும்பாது. பின்னால்தான் போக வேண்டும். பின்னால் எங்கள் வீட்டுப் படி குவிந்து கிடந்தது.

"அய்யோ, கல்லு கீதும்மா! வண்டி ஏறாதும்மா!"

பெண்கள் எல்லோரும் கையால் செங்கல்லை வாரினார்கள். எத்தனை நேரம் வாருவது? அம்மா ஒரு நிமிஷம் காரைப் பார்த்தாள். அவள் மனதில் அப்போது அந்த மாட்டுவண்டிதான் ஓடியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். உள்ளே போய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, குவியலுக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தாள். துப்பட்டியை உடம்பில் சுற்றி இடுப்பில் முடிந்தாள்.

"ஜைனு, பின்னால ஏறு. தங்கச்சியக் கெட்டியாப் புடிச்சிக்க. வுட்ட, கொன்னுடுவேன்."

அம்மா தெருமுனையைத் தாண்டி சைக்கிள் விட்டது அதுதான் முதல் தடவை. பஜார் முழுக்க ஆண்கள். பார்த்தார்கள். அம்மா ஒருத்தரையும் பார்க்கவில்லை. மண்பாதையில் குலுங்கியது, நான் நூருவை மார்போடு அழுத்திக்கொண்டு அழுதேன். சவுக்குத் தோப்பு தாண்டியதும் டவுன்ஷிப் ரோடு வந்தது.

அந்த ரோட்டை நான் மறக்கவே மாட்டேன். புதுத் தார். ஓரத்தில் சைக்கிள்களுக்கென்று தனியாக ஒரு பாதை விட்டு, கன்றுகள் நட்டிருந்தார்கள். மேடு பள்ளம் இல்லை, எதிரே லாரி இல்லை. சைக்கிள் வழுக்கிக்கொண்டு போனது. வாசலில் வாட்ச்மேன் நிறுத்தச் சொல்லி விசில் ஊதினார். அம்மா பதிலுக்கு மணியை அடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

டிஸ்பென்சரி வாசலில் ஸ்டெல்லா அக்கா ஓடிவந்து குழந்தையை வாங்கினார். ஊசி போட்டார்கள், ஈரத்துணி சுற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் நூரு வாய் திறந்து அழுதாள். அவள் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அம்மா அதன் பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள்.

"தெரியும்"

யாரோ கடையில் சொல்லி, அத்தா கபூர் மாமாவின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். உள்ளே நுழையும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழந்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் கேட்டார்.

"யாரு கொண்டாந்தது?"

"உங்க வீட்டம்மாதான் பாய். சைக்கிள்ல," என்றார் ஸ்டெல்லா அக்கா.

"அவளுக்கு சைக்கிளு வுடத் தெரியாதே."

"தெரியும்," என்றாள் அம்மா.

அத்தா அவளையே பார்த்தார். "எப்பத்துலேந்து?"

"நீங்க சாப்ட்டுட்டுக் கடைக்குப் போனப்பறம். தெனிக்கும்."

கோபப்படப் போகிறார் என்று நான் பயந்தேன். அத்தா பெஞ்சில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, நான் பிறந்ததிலிருந்து பார்க்காத மாதிரி அழுதார். அம்மா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திரும்பி வரும்போது ஷிப்ட் சங்கு ஊதியது. அந்தத் தனிப் பாதை முழுக்க சைக்கிள்கள். பெரிய படிப்புப் படித்து, பெரிய சம்பளம் வாங்குகிறவர்கள் டிபன் டப்பாவை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அத்தா அந்த ரோட்டை எத்தனையோ தடவை பார்த்தவர்தான். இத்தனை அகலமாகப் போட்டுவிட்டுக் கார் இல்லாமல் வீணாக்குகிறார்களே என்று கேலி பேசியவர். அன்றைக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மத்தியானத்துல லாரி வருமான்னு கேட்டியே," என்றார் தெருவை நெருங்கும்போது. "இதுக்குத்தானா?"

அம்மா தலையை ஆட்டினாள்.

கல்

அகலப்படுத்துகிற பேச்சை அத்தாவே பஞ்சாயத்தில் வாபஸ் வாங்கினார். கார் தெருமுனைக்கு வெளியே ஒரு கீற்றுக் கொட்டகைக்குப் போனது. தெருவில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் ஏகாம்பரம் அங்கிருந்து எடுப்பார். கபூர் மாமாவின் மகளுக்குப் பிரசவ வலி கண்டதும் அதில்தான் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பஸ்கள் கூடின, ஆஸ்பத்திரி கிட்டே வந்தது, காரை விற்றுவிட்டார். அத்தா கடைசிவரை சைக்கிள்தான் மிதித்தார்.

ஆனால் லாரிக்காரர்களுக்குக் குறுக்குவழி ஆசை போகவில்லை. ஆகவே தெருவின் இரண்டு முனையிலும் கல் நடுவது என்று முடிவாயிற்று. மாமல்லபுரத்தில் கல் அடிக்கிறவரிடம் கருங்கல் தூண்கள் சொன்னார்கள். தாமரை செதுக்கட்டுமா என்று அவர் கேட்டாராம். "பூவெல்லாம் வேணாம்பா. காரு வரக் கூடாது, அவ்ளோதான்," என்றாராம் அத்தா.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து ஆண்கள் அத்தனை பேரும் தெருமுனையில் நின்றபோது தூண்களை நட்டார்கள். ஒரு கல் நட்டாகிவிட்டது. இன்னொன்றைக் குழியில் இறக்கி நாலு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தா எங்கள் வீட்டைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"ஹமீதா! சைக்கிள எடுத்துகினு வா!"

கபூர் மாமா மெதுவாக, "மச்சான், இத்தினி ஆம்பளைங்க நிக்கறோம்டா," என்றார்.

"நின்னா நில்லு. இந்த வழியா தெனிக்கும் போறவ அவ. சரியா கீதான்னு அவதான சொல்லணும்?"

அம்மா துப்பட்டியை இடுப்பில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள். ரஹ்மத் மாமி ஜன்னலில் நின்று, "போடீ!" என்றார். அம்மா ஏறினாள். அத்தனை ஆண்களுக்கு நடுவே, தலை குனியாமல், இரண்டு கல்லுக்கும் இடையில் போய், அந்தப் பக்கம் ஒற்றைக் காலை ஊன்றி நின்றாள்.

"ஹேண்டிலு இடிச்சிதா?" என்று கேட்டார் அத்தா.

"இடிக்கல. ஆனா அந்தக் கல்ல இன்னுங் கொஞ்சம் தள்ளி நடுங்க."

"ஏன், தாராளமாத்தான கீது?"

"ஒரு சைக்கிளுக்குத் தாராளந்தான். ரெண்டு சேந்தாப்ல போவ வேணாமா? நீங்களும் கூட வரணும்ல."

அத்தா கல்லைப் பிடித்திருந்தவர்களிடம் அதை வெளியே தூக்கச் சொன்னார். குழியை மண் தள்ளி மூடினார். பிறகு கடப்பாரையை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் போய், தன் கையாலேயே புதிதாகத் தோண்ட ஆரம்பித்தார்.